மண்டபங்களில் தற்காலிக மின்னிணைப்பு: 54ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
உரிமம் பெற்ற மின் மற்றும் தொலைத்தொடர்புப் பணி ஒப்பந்ததாரர்கள் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்ட நடுவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: தங்கும் விடுதிகள், திருமண மண்டபங்கள், மாநாட்டு அரங்குகள் – தற்காலிக மின்னிணைப்புகளை முறைப்படுத்துதல் – மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 54 – இதர கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் முறையாகப் பதிவு பெற்றது. உறுப்பினர்கள் அனைவரும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்று, விடுதிகளிலும் மண்டபங்களிலும் அரங்குகளிலும் மின்சாரம், தொலைபேசி, இணையம், ஒலிபெருக்கி, தீ எச்சரிக்கைப் பணிகளைச் செய்துவருபவர்கள்.

இந்த மனுவில் புதிய செய்தி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். முன்பு எழுதியவற்றையே மறுபடியும் எழுதுகிறோம். அவை படிக்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் எங்களுக்குக் கிடைக்காததால் இம்முறை சுருக்கி எழுதவில்லை.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து மண்டபங்கள் திரும்பத் திறந்தபோது முதல் மனுவைக் கொடுத்தோம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் எலி கடித்த ஒயரும் ஈரம் ஏறிய பேனல் போர்டும் இருக்கும். காப்புத்தடையைச் சோதிக்காமல் மெயினைப் போட அனுமதிக்கக் கூடாது என்று கேட்டிருந்தோம். 500 வோல்ட் மெகர் என்ற காப்புத்தடை மானியை வைத்து ஒரு நிமிடம் சோதித்தால், மின்சாரம் ஓடும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி. பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மண்டபங்கள் திறந்தன, திருமணங்கள் நடந்தன, மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இரண்டாவது மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது பெற்றோம். அது போய்வந்த வழியைப் பதிவுசெய்வது அவசியம். முதலில் போன அலுவலகத்தில், மீட்டர் வரைதான் தங்கள் பொறுப்பு, அதற்கு அப்பால் நுகர்வோர் பாடு என்று எழுதினார்கள். அடுத்த அலுவலகத்தில், கட்டட வரைபடத்தைத்தான் தாங்கள் பார்ப்பதாகவும் உள்ளே ஓடும் ஒயர் தங்களைச் சேர்ந்ததல்ல என்றும் குறித்தார்கள். மூன்றாவது இடத்தில் தீயணைப்பான்களை எண்ணிப் பார்ப்பதோடு வேலை முடிந்தது என்றார்கள். முடிவில், மனுதாரர் உரிய அலுவலரை அணுகலாம் என்ற குறிப்போடு மனு எங்களிடமே திரும்பி வந்தது. உரிய அலுவலர் யார் என்பதுதான் அந்த மனுவில் நாங்கள் கேட்டிருந்த கேள்வியே.

மூன்றாவது மனு ஒரு விபத்துக்குப் பின் எழுதியது. அதற்குப் பதிலே வரவில்லை. அதன் சாரத்தை முதல் கோரிக்கையில் தருகிறோம்.

கோரிக்கை 1: தற்காலிக மின்னிணைப்பு

ஒரு மண்டபத்துக்கு ஒயரிங் செய்து ஒப்படைக்கும்போது நாங்கள் சுமையைக் கணக்கிடுகிறோம், கேபிளின் அளவை முடிவுசெய்கிறோம், எர்த் குழி தோண்டுகிறோம், சோதனை அறிக்கையில் உரிம எண்ணை எழுதிக் கையெழுத்திடுகிறோம். மேற்பார்வையாளரின் சான்று எண்ணும் ஒயர்மேனின் சான்று எண்ணும் அதில் ஏறுகின்றன. அந்தத் தாள் கோப்பில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறது. மண்டபம் அப்படியே இருப்பதில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை வண்டிகள் வந்து நிற்கின்றன. மேடை அலங்காரத்துக்கு ஒருவர், சீரியல் செட்டுக்கு ஒருவர், எல்.இ.டி. திரைக்கு ஒருவர், ஒலி ஒளிக்கு ஒருவர், வாசல் வளைவுக்கு ஒருவர், வாடகை ஜெனரேட்டர், வாடகைக் குளிர்சாதனம். ஒவ்வொருவரும் தனி ஆள், ஒவ்வொருவருக்கும் தனி ஒயர். உரிமம் இருக்கிறதா என்று எவரையும் கேட்பாரில்லை. மேடை அருகே அவ்வளவு மின்சாரம் எடுக்க இடமில்லாததால் நேராகப் பேனல் அறைக்குப் போகிறார்கள். பேனல் மூடியைக் கழற்றி, எம்.சி.சி.பி. என்ற சுற்று முறிப்பானின் வெளி முனையில், சில இடங்களில் மின்சாரம் பகிரும் உலோகப் பட்டையான பஸ்பாரிலேயே, முனையைப் பிடிக்கும் லக் இல்லாமல் ஒயரை முறுக்கிச் செருகுகிறார்கள். கழற்றிய மூடி விசேஷம் முடியும்வரை சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒயர் கதவிடுக்கில் நுழைந்து கம்பளத்துக்கு அடியில் மேடைக்குப் போகிறது. அதன் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் மாப்பிள்ளை வீட்டார்.

திரைக்காரரின் தொல்லை எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஓர் எல்.இ.டி. திரைக்குள் சிறு சிறு பவர் சப்ளைகள் வரிசையாக இருக்கின்றன. பழுதில்லாத நிலையிலும் ஒவ்வொன்றும் எர்த்துக்குத் துளி மின்னோட்டத்தைக் கசியவிடும். அத்தனையையும், மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியில் மாட்டினால் கசிவு சேர்ந்து அது விழத்தான் செய்யும். தொழில் தெரிந்தவர் சுமையைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.சி.பி. வைப்பார். தெரியாதவர் ஆர்.சி.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு நேரடியாக ஒயர் கொடுத்துவிடுகிறார். திரை நிற்காமல் ஓடுகிறது. அதைத் தொடுபவரின் உயிரைக் காக்க இருந்த கருவி மட்டும் வேலையில் இல்லை.

நியூட்ரல் விஷயமும் அப்படியே. இத்தகைய பவர் சப்ளைகள் இழுக்கும் மின்னோட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மும்மடங்கு அதிர்வெண் கொண்ட அலை, உண்டு. சாதாரண விளக்குச் சுமையை மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் மின்னோட்டம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஹார்மோனிக் கழியாது, கூடும். மெல்லிய நியூட்ரல் சூடேறி அறுந்துபோனால் 230 வோல்ட்டுக்குச் செய்த விளக்குக்கும் கேமராவுக்கும் 400 வோல்ட்டை நெருங்கி ஏறிவிடும். சீரியல் செட் கட்ட வரும் பையனுக்கு இது தெரியவில்லையே என்று நாங்கள் குறை சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும் என்கிறோம்.

மூன்றாவது மனுவில் எழுதிய விபத்து இதுதான். ஒரு மண்டபத்தில் பந்தி பரிமாற வந்த இளைஞர் மேடைக்குப் பின்னாலிருந்த இரும்புச் சட்டத்தைத் தொட்டு மின்னதிர்ச்சியில் தூக்கி எறியப்பட்டார். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். திரையின் சட்டத்தில் மின்சாரம் ஏறியிருந்தது, ஆர்.சி.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு ஒயர் போயிருந்தது. விடிவதற்குள் திரையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவர், அந்த மண்டபத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒயரிங் செய்த எங்கள் உறுப்பினர். கோப்பிலிருந்த ஒரே கையெழுத்து அவருடையது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. உரிமத்தை ஏன் ரத்துசெய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்தது. அவர் பொருத்திய ஆர்.சி.சி.பி. அன்றும் நல்ல நிலையில்தான் இருந்தது என்பதை நிரூபிக்க அவரே அலைய வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டவருக்கு விசாரணை, போடாதவருக்கு வண்டி வாடகையோடு முழுப் பணம் என்பதுதான் இன்றைய ஏற்பாடு.

இனி சட்டம். மின்சாரச் சட்டம் 2003இன் 54ஆம் பிரிவைத் தாங்கள் எடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். நூறு பேரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கூடக்கூடிய எந்த இடத்திலும், 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒரு மிக்ஸி ஓடினாலே அந்த அளவு தாண்டிவிடும். அறிவிப்பில் மின்னமைப்பின் விவரமும் மின்சாரம் எதற்கு என்ற நோக்கமும் இருக்க வேண்டும். அது போய்ச்சேர வேண்டிய இடங்கள் இரண்டு: ஒன்று மின் ஆய்வாளர், மற்றது மாவட்ட நடுவர் அல்லது காவல் ஆணையர். மாவட்ட நடுவர் என்பது தாங்களே. உரிய அலுவலர் யார் என்று அலுவலகம் அலுவலகமாக நாங்கள் கேட்டுத் திரிந்த கேள்விக்கு நாடாளுமன்றம் முன்பே பதில் எழுதிவைத்திருக்கிறது.

இது 2003இல் புதிதாக முளைத்த ஏற்பாடும் அல்ல. 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இதையே சொன்னது. சீரியல் செட்டும் எல்.இ.டி. திரையும் இல்லாத காலத்திலேயே, கூட்டம் கூடும் இடத்தில் மின்சாரம் தனிக் கண்காணிப்புக்கு உரியது என்று வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. நூறு பேர் கூடுவார்களா மாட்டார்களா என்று தகராறு வந்தால் மாநில அரசு முடிவுசெய்யும் என்று 54ஆம் பிரிவிலேயே உண்டு. ஒரே பந்தியில் இருநூறு இலை போடும் மண்டபத்துக்கு அந்தத் தகராறு எழ வாய்ப்பில்லை. இந்தப் பிரிவு அரசையும் கட்டுப்படுத்தும் என்று தனி உட்பிரிவே இருக்கிறது. ஆகவே அரசு விழாக்களின் மேடைகளுக்கும் இது பொருந்தும். அந்த மேடைகளுக்கு ஒயர் எப்படி வருகிறது என்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

முன்பு 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியில் இருந்த ஏற்பாட்டையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, ஏற்கெனவே உள்ள அமைப்பில் எதையாவது சேர்ப்பதோ மாற்றுவதோ உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிப் பார்வையில் அது நடக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் 2023இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் எண் மாறியிருக்கிறது, கருத்து மாறவில்லை. பஸ்பாரில் ஒயரைச் செருகுவது ஃபியூஸ் மாற்றுவது போன்ற வேலை என்று எவரும் வாதிட முடியாது.

முன்னுதாரணம் கேட்டால் தூரம் போக வேண்டாம். 23.1.2004 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடியோ விளக்குக்காக இழுத்த மின்னிணைப்பிலிருந்து தீ தொடங்கியதாக அன்று சொல்லப்பட்டது. மண்டபத்தின் நிரந்தர ஒயரிங் அல்ல, ஒரு நாள் விசேஷத்துக்கு வந்த இணைப்பு. அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு, தமிழகமெங்கும் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. அரசு மனம் வைத்தால் சில மாதங்களில் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. மண்டபங்களிலும் கீற்று போய்விட்டது. அந்த இடத்தில் துணியும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் வந்துவிட்டன. அவை கீற்றைவிடப் பொறுமையாக எரியும் என்று நாங்கள் நம்பவில்லை. ஒயர் மட்டும் 2004இல் வந்தது போலவே வந்துகொண்டிருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகளுக்கும் விடை தந்துவிடுகிறோம். மண்டபம் கட்டியபோதே அறிவிப்புக் கொடுத்தாயிற்று என்பார்கள். அன்று கொடுத்த விவரத்தில் இன்று வந்திறங்கும் திரையும் ஜெனரேட்டரும் இல்லை. பிரிவு கேட்பது மின்னமைப்பின் விவரத்தை. இல்லாத ஒன்றின் விவரத்தை முன்கூட்டியே கொடுத்திருக்க முடியாது. ஏழு நாள் முன்னதாகத் தெரியாது என்பார்கள். மண்டபம் கிடைக்காமல் முகூர்த்தத்தையே தள்ளிவைக்கும் ஊர் இது; அலங்காரத்துக்கு முன்பணம் எப்போது போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலர் பற்றாக்குறை என்பார்கள். அறிவிப்பு வந்த ஒவ்வொரு மண்டபத்தையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அறிவிப்பு ஒரு பெயரைத் தருகிறது. இப்போது அந்தப் பெயர்கூட இல்லை.

எங்கள் ஆட்களுக்கு வேலை பிடிக்கத்தான் இந்தக் கோரிக்கை என்று ஓர் அலுவலர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். வேலை கிடைக்கும், மறைக்கவில்லை. ஆனால் தேர்வு வைத்து, கருவிகள் உள்ளனவா என்று சரிபார்த்து, கட்டணம் வாங்கி உரிமம் கொடுத்துவிட்டு, அந்த உரிமத்துக்குரிய வேலையை எவர் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவைப்பதன் நியாயத்தை அவர் விளக்கியிருக்கலாம். உரிமத்தை வாடகைக்கு விட்டு வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தால் சங்கம் குறுக்கே வராது.

ஆகவே தங்களிடம் கேட்பது: 54ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கட்டாயம் என்று மாவட்ட நடுவர் என்ற முறையில் தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அறிவிப்புப் படிவம் ஒரு பக்கம் போதும். நாள், இடம், கூடுதல் சுமை, ஜெனரேட்டர் உண்டா, இணைப்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது, பொறுப்பேற்கும் ஒப்பந்ததாரரின் உரிம எண். மாதிரி ஒன்றை இணைத்திருக்கிறோம்.

1965ஆம் ஆண்டு பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர்கள் படிவம் டி உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். மேடை அருகிலும் பந்திக்கூடத்திலும் வாசலிலும் தற்காலிக இணைப்புக்கென்றே நிரந்தரமாக ஒரு போர்டு இருக்க வேண்டும், அதில் எம்.சி.சி.பி.யும், சர்க்யூட் வாரியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், தொழிற்சாலை வகை சாக்கெட்டுகளும் வேண்டும். பேனல் அறை பூட்டியிருக்க வேண்டும். சாவி சான்று பெற்றவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வாடகை ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக அன்றி இணைக்கக் கூடாது. அது இல்லாமல் போட்டால் மின்சாரம் திரும்பி வெளிக் கம்பிக்கு ஏறும். மின்தடை நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் அதற்குப் பலியாவார்.

விபத்து நடந்தால், அன்றைய தற்காலிக இணைப்பைக் கொடுத்தவர் யார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். பழைய சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டவருக்கு, அவர் செய்த பகுதியில் குறை கண்டால் மட்டுமே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இது சலுகை கேட்பது அல்ல. அவர் செய்த வேலைக்கு அவர் பொறுப்பேற்பார்; அதற்கு மேல் அவரால் முடியாது.

ஆய்வுக்கு நேரமில்லை என்ற குறைக்கும் நாட்காட்டியிலேயே வழி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் அந்த இரண்டு மாதங்களில் கூட்டாய்வு நடத்தினால் எந்தத் திருமணத்துக்கும் இடைஞ்சல் இராது. சங்கம் சார்பில் மெகருடனும் ஆட்களுடனும் கட்டணமின்றி உடன் வரத் தயாராக இருக்கிறோம்.

கோரிக்கை 2: தீ எச்சரிக்கைக் கருவிகள்

ஓமப் புகைக்கும் மேடைப் புகை இயந்திரத்துக்கும் அலாரம் அடிக்கிறது என்று புகை உணரிகளைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுகிறார்கள். விசேஷம் முடிந்த பின் அவிழ்ப்பதில்லை. எங்கள் உறுப்பினர் பராமரிப்புக்குப் போகும்போது பையில் தூசி படிந்திருக்கிறது. ஓமம் நடக்கும் பகுதியை மட்டும் பேனலில் குறித்த நேரத்துக்கு நிறுத்திவைக்க வசதி உண்டு. அதற்கு ஓர் ஆளை நியமித்துப் பதிவேட்டில் எழுதும்படி உத்தரவிட வேண்டும்.

கோரிக்கை 3: தொலைத்தொடர்புப் பணிகள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் 8ஆம் பாகத்தில் தகவல் தொடர்பு அமைப்புகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வெளியிட்டது. இங்கோ, கட்டடம் முடிந்து வர்ணம் அடித்த பிறகுதான் தொலைத்தொடர்பு ஒப்பந்ததாரரைக் கூப்பிடுகிறார்கள். குழாய் இல்லாததால் இணையக் கேபிள் மின் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறது. மாடிக்கு மாடி போட்ட துளைகள் அடைக்கப்படாமல் தீயும் புகையும் ஏறும் வழியாகின்றன. கேட்-6 கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதால் பெரிய அரங்குகளில் இணையக் கருவிகளை வைக்கும் ரேக் அறைக்கு இடம் முன்பே ஒதுக்க வேண்டும். வரைபட அனுமதியின்போதே இவற்றைக் கேட்டுப் பெறும்படி உள்ளாட்சி அமைப்புகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம்.

கோரிக்கை 4: ஒப்பந்தமும் பணமும்

அரசு நிதியில் கட்டப்படும் அரங்குகளுக்குக் கட்டுமானத்தையும் மின்பணியையும் ஒரே டெண்டராக விடாமல் தனித்தனியே விட வேண்டும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் 2006 சொல்லும் 45 நாள் கெடு ஒப்பந்தப் பணிகளுக்குப் பொருந்துமா என்று நீதிமன்றங்களில் வழக்காடுவதைவிட, அந்தக் கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. பிடித்தம் செய்த வைப்புத் தொகையை உரிய காலத்தில் திருப்பித் தர வேண்டும்.

கோரிக்கை 5: ஒயர்மேன், ஒயர்மேன் உதவியாளர் தகுதிச் சான்றுக்கான தேர்வுகளை மாவட்டத்திலேயே முறையாக நடத்தப் பரிந்துரைக்க வேண்டும். அலங்கார, ஒலி ஒளித் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கும் அதில் இடமளிக்க வேண்டும்.

கோரிக்கை 6: மாவட்ட அளவிலான பாதுகாப்புக் கூட்டங்களுக்குச் சங்கப் பிரதிநிதி ஒருவரை அழைக்க வேண்டும்.

கோரிக்கை 7: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலக, வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட வேண்டும்.

2 முதல் 7 வரையுள்ள கோரிக்கைகள் தாமதமானால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கையின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை, எடுக்கப்படவில்லையெனில் அதற்கான காரணத்தை, எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். 54ஆம் பிரிவின் கீழ் இம்மாவட்டத்தில் இதுவரை பெறப்பட்ட அறிவிப்புகளின் எண்ணிக்கையைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தனி விண்ணப்பமும் இன்றே கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

நகல்: மின் ஆய்வாளர், காவல் கண்காணிப்பாளர், மாவட்டத் தீயணைப்பு அலுவலர், அனைத்து வட்டாட்சியர்கள்.